பழைய சாஃப்ட்வேர் சிந்த்களும் அவற்றின் பிரீசெட்களும் இன்றைக்குத் தாங்குமா?

அண்ணன் கொடுத்த பழைய விண்டோஸ் கணினியில் எஃப்எம்7, புரோ-53, சைலன்த்1, மாசிவ், நெக்ஸஸ் 2, சிந்த்1 என்ற சாஃப்ட்வேர் சிந்த்கள் (கணினிக்குள்ளேயே ஒலியை உருவாக்கும் கருவிகள்) எல்லாம் இருக்கின்றன, இவற்றின் பிரீசெட்களை (முன்கூட்டியே செய்து சேமித்த ஒலிகள்) வைத்து இன்று பாட்டு செய்தால் பழசாகத் தெரியுமா, செரம் 2 மாதிரிப் புதிய சிந்த் ஒன்றை வாங்கியே ஆக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் கலந்து கிடக்கின்றன. அந்த மென்பொருள் இனியும் திறக்குமா? திறந்தால் அதன் ஒலி இன்றைய மிக்ஸில் நிற்குமா? அதற்குள் இருக்கும் பிரீசெட்கள் ரசனையில் காலாவதியாகிவிட்டனவா? முதல் இரண்டையும் சோதித்துப் பார்த்துத் திட்டமாகச் சொல்லிவிடலாம். மூன்றாவது ரசனை சார்ந்தது. அதில் நான் சொல்வது, சென்னையில் பல ஆண்டுகளாகத் தொடர்களுக்கும் விளம்பரங்களுக்கும் கீபோர்டு புரோகிராமிங் செய்துவரும் ஒருவரின் கருத்து மட்டுமே. கிளப்பில் ஓடும் நடன இசை செய்பவர் வேறு மாதிரிச் சொல்லலாம். அவர் வேலைக்கு அதுவே சரியாகவும் இருக்கலாம்.

திறப்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பலரும் இதைக் கடைசியில்தான் நினைக்கிறார்கள். ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1996-இல், பிளக்-இன் எனப்படும் துணை மென்பொருளை இசை மென்பொருளுக்குள் இணைத்து ஓட்டும் வி.எஸ்.டி. முறையைக் கொண்டுவந்தது. 1999-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில்தான் மிடி (எந்தச் சுரம் அழுத்தப்பட்டது என்று சொல்லும் குறிப்பு) வாங்கி ஒலி எழுப்பும் கருவிகளுக்கு வழி பிறந்தது. கியூபேஸ் என்ற அந்நிறுவனத்தின் இசை மென்பொருளுடன் வந்த நியான் என்ற எளிய சிந்த் அந்த வகையில் முதலாவது. அடுத்த பத்தாண்டுகளில் வந்த சிந்த்களில் பெரும்பாலானவை 32-பிட் கணினிக்காகவும் அந்த வி.எஸ்.டி. 2 முறைக்காகவும் எழுதப்பட்டவை. அந்த இரண்டு கால்களும் இப்போது ஆட்டம் காண்கின்றன. கியூபேஸ் 2016-இல் 32-பிட் பிளக்-இன்களைக் கைவிட்டது, இன்னொரு இசை மென்பொருளான ஏபிள்டன் லைவ் 2018-இல் கைவிட்டது. ஆப்பிள் 2019-இல் வெளியிட்ட கேட்டலினாவிலிருந்து மேக்கில் 32-பிட் நிரல் எதுவுமே ஓடாது. 2018-க்குப் பிறகு புதிய நிறுவனங்களுக்கு வி.எஸ்.டி. 2 உரிமம் வழங்குவதையும் ஸ்டைன்பெர்க் நிறுத்திவிட்டது.

உங்கள் பட்டியலில் இதன் பொருள் இதுதான். சைலன்த்1 இன்றும் விற்பனையில் இருக்கிறது, 64-பிட்டில் ஓடுகிறது, பழைய பிரீசெட்களை அப்படியே திறக்கிறது. சிந்த்1 இலவசம், அதற்கும் 64-பிட் பதிப்பு உண்டு. எஃப்எம்7-இன் பேட்ச்களை (பிரீசெட்டின் இன்னொரு பெயர்) அதற்குப் பின் வந்த எஃப்எம்8 படித்துக்கொள்ளும். மாசிவ்வும் 64-பிட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: 2019-இல் வந்த மாசிவ் எக்ஸ், பெயரில் வாரிசானாலும் பழைய மாசிவ் பிரீசெட் ஒன்றைக்கூடத் திறக்காது. உள்ளே இருக்கும் எஞ்சின் முற்றிலும் வேறு. நெக்ஸஸ் 2-க்கு உரிமத்தைத் தாங்கும் யு.எஸ்.பி. டாங்கிள் வேண்டும், அது அண்ணன் வீட்டு மேஜை டிராயரில் கிடக்கிறதா என்று முதலில் கேளுங்கள். புரோ-53 நிறுத்தப்பட்டு வெகுகாலம் ஆகிறது, 32-பிட்டைத் தாண்டி வரவேயில்லை. விண்டோஸில் ரீப்பர், எஃப்எல் ஸ்டூடியோ என்ற இசை மென்பொருள்கள் இரண்டும் 32-பிட் பிளக்-இன்களை உள்ளுக்குள்ளேயே பாலம் போட்டு ஓட்டும். மற்றவற்றுக்கு ஜேபிரிட்ஜ் என்ற சிறு மென்பொருள் உண்டு. ஓடும் என்றுதான் சொல்கிறேன். காலக்கெடுவுள்ள வேலையில் அதை நம்பி உட்கார மாட்டேன்.

பிரீசெட் கோப்பு எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும் என்பது, அதன் வடிவம் வெளியே தெரிந்ததா, நிறுவனத்தின் உள் ரகசியமா என்பதைப் பொறுத்தது. யமஹா டிஎக்ஸ்7 என்ற கீபோர்டு சிந்த் 1983-இல் வந்தது. அதன் 32 ஒலிகள் அடங்கிய ஒரு பேங்க் வெறும் 4,096 பைட் தரவு. அந்த அமைப்பை யமஹா வெளியிட்டிருந்தது. அதனால் நாற்பது ஆண்டு கழித்தும் டெக்ஸ்ட் (Dexed) என்ற இலவச சிந்த்தில் அந்தக் கோப்பை இழுத்துப் போட்டால் அதே எலக்ட்ரிக் பியானோ ஒலிக்கிறது. சர்ஜ் இன்னொரு நல்ல உதாரணம். கிளேஸ் யோஹான்சன் எழுதி விற்றுவந்த அந்த சிந்த்தை 2018-இல் திறந்த மூலமாக வெளியிட்டார். தன்னார்வலர்கள் அதை சர்ஜ் எக்ஸ்டி என வளர்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு பேட்சுக்குள்ளும் அது எந்தப் பதிப்பில் சேமிக்கப்பட்டது என்ற எண் இருக்கும். அதைப் பார்த்து, பழைய பேட்ச் பழைய ஒலியிலேயே வரும்படி கவனித்துச் செய்கிறார்கள். இதற்கு நேரெதிர், கேமல் ஆடியோவின் ஆல்கெமி. 2015-இல் ஆப்பிள் அந்த நிறுவனத்தை வாங்கியது, ஆல்கெமி ஆப்பிளின் லாஜிக் என்ற இசை மென்பொருளுக்குள் போனது, விண்டோஸ்காரர்களுக்கு அதன் வழி அடைபட்டுவிட்டது. ஒலியில் எந்தக் குறையும் இல்லாத சிந்த் அது.

இனி ஒலித்தரம். பழைய சாஃப்ட்வேர் சிந்த் உண்மையிலேயே தடுமாறும் இடம் ஏலியாசிங். நொடிக்கு 44,100 சாம்பிள் (ஒலியின் அளவீடு) வேகத்தில் ஓடும் பிராஜெக்டில் 22,050 ஹெர்ட்ஸுக்கு மேல் எந்த அதிர்வையும் வைக்க முடியாது. அதற்கு மேலே போவது தொலைந்து போகாது, மடங்கித் திரும்பி வரும். உச்ச ஸ்தாயியில் 3,000 ஹெர்ட்ஸில் மேற்சுரங்கள் நிறைந்த ஒரு சாடூத் அலை வாசிக்கிறீர்கள் என்று வையுங்கள். அதன் மேற்சுரங்கள் 6,000, 9,000 என்று அடுக்கிக்கொண்டு போகும். அடிப்படைச் சுரத்தையும் சேர்த்து எண்ணினால் பதினான்காவது 42,000. அது மடங்கி 2,100 ஹெர்ட்ஸில் வந்து விழும். அதாவது நீங்கள் வாசித்த சுரத்துக்கும் கீழே, அதனோடு எந்த உறவும் இல்லாத இடத்தில். அடிப்படைச் சுரத்தைவிட 23 டெசிபல் போலத் தாழ்ந்து ஒலித்தாலும் காதுக்குப் பிடிபடும். கவனமில்லாமல் எழுதப்பட்ட பழைய சிந்த்களின் உயர்ந்த லீட்களில் ஒரு கண்ணாடிக் கீறல் மாதிரி உரசல் கேட்பது இதனால்தான். சோதிப்பது எளிது. எல்லா எஃபெக்டையும் அணைத்துவிட்டு, உயர்ந்த ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு பிட்ச் வீலை மெல்ல மேலே தள்ளுங்கள். சுரம் மேலே ஏற, அடியில் ஏதோ ஒன்று கீழே இறங்குகிற மாதிரிக் கேட்டால் அது ஏலியாசிங். எளிய சாடூத் ஒலியில் ஏலியாசிங்கைத் தவிர வேறெதுவும் அப்படி எதிர்த்திசையில் நகராது.

இதைத் தடுக்கும் கணக்குமுறைகள் 1996-லிருந்தே ஆய்வுக் கட்டுரைகளில் இருந்தன. ஆனால் அவற்றைப் பயன்படுத்தினால் அன்றைய கணினியின் மூச்சு முட்டும். ஆகவே வயதை வைத்து மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். சைலன்த்1-இன் ஆஸிலேட்டர்கள் (அடிப்படை அலையை எழுப்பும் பகுதிகள்) இன்று புதிதாக வரும் பலவற்றைவிடச் சுத்தமானவை. பழைய சிந்த்தில் உரசல் இருந்து, அதன் நிறம் உங்களுக்குப் பிடித்திருந்தால், அந்த ஒரு டிராக்கை மட்டும் 88,200 அல்லது 96,000 வேகத்தில் தனியாக ரெண்டர் செய்து (ஒலிக்கோப்பாக எடுத்து) பிராஜெக்டுக்குள் கொண்டுவாருங்கள். மடங்கி விழுவதில் பெரும்பகுதி ஓடிவிடும். சில பழைய சிந்த்களில் என்வலப்பும் (ஒலி எழுந்து அடங்கும் விதம்) ஃபில்டரும் (சில அதிர்வுகளை வெட்டும் பகுதி) சாம்பிள் வேகத்தோடு சேர்ந்து மாறும். முதலில் ஒரு சுரம் வாசித்து ஒப்பிட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இரண்டாவது பலவீனம் ஃபில்டர். அனலாக் ஃபில்டரில் வெளியே வரும் ஒலி அந்தக் கணமே உள்ளே திரும்பும். பழைய சாஃப்ட்வேரில் அது ஒரு சாம்பிள் அளவு தாமதித்துத் திரும்பியது. கட்ஆஃபை (ஃபில்டர் வெட்டும் இடம்) உயர்த்தி ரெசனன்ஸைக் (அந்த இடத்தை உரக்க ஒலிக்கச் செய்வது) கூட்டினால் ஊளையின் சுருதி தவறுவதும், ஃபில்டரை வேகமாக ஆட்டும்போது ஒலி மெலிந்து போவதும் அதனால்தான். இந்தத் தாமதம் இல்லாமல் கணக்கிடும் முறை பரவலானது 2010-க்குப் பிறகு. யூ-ஹி நிறுவனத்தின் டீவா அந்த அலையில் வந்தது. வந்த புதிதில் அன்றைய கணினிகளைத் திணறடித்ததும், கேட்டவுடன் வித்தியாசம் தெரிந்ததும் ஒரே காரணத்தால்தான். உங்கள் புரோ-53, 1978-இல் டேவ் ஸ்மித் உருவாக்கிய பிராஃபெட்-5 என்ற அனலாக் கருவியைப் போல ஒலிக்க முயன்றது. அது வெளிவந்தபோது நாங்கள் வியந்து கேட்டோம். இன்று அதே கருவியைப் பின்பற்றும் புதிய சிந்த்தின் பக்கத்தில் வைத்தால், ஃபில்டரைத் திருப்பிய மாத்திரத்தில் வேறுபாடு கேட்கிறது. அனலாக்கை நகலெடுக்கவே பிறந்த பழைய சிந்த்களை அந்த வேலைக்கு இனி நான் நம்புவதில்லை.

ஆனால் எதையும் நகலெடுக்க வராத சிந்த்கள் இருக்கின்றன. அவைதான் உங்கள் கேள்விக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்பும் பதில். டிஎக்ஸ்7 பிறக்கும்போதே டிஜிட்டல். ஆறு ஆபரேட்டர் (அலையை எழுப்பும் அலகு), அவற்றை இணைக்கும் 32 அல்காரிதம், எல்லாமே கூட்டல் பெருக்கல். ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் 1973-இல் எழுதிய கட்டுரையிலிருந்து யமஹா எடுத்துக்கொண்ட கணக்கு அது. சாஃப்ட்வேரில் அதே கணக்கைப் போட்டால் அதே விடைதான் வரும். எஃப்எம்7-க்கும் எஃப்எம்8-க்கும் வயது ஏறாததற்குக் காரணம் இது. பிரையன் கிளெவிஞ்சர் 2000-இல் கொண்டுவந்த அப்சிந்த்தைச் சொல்லாமல் விட முடியாது. ஒரே என்வலப்பில் எத்தனையோ முனைகளை வைத்து, ஒரு சுரம் அரை நிமிடம் உருமாறிக்கொண்டே போகும்படி அதில் எழுதலாம். அந்த நகர்வை வேறு சிந்த்தில் கொண்டுவர நான் இன்றும் சிரமப்படுகிறேன். மாசிவ்வின் வேவ்டேபிள் (அலைவடிவங்களின் வரிசை) பேஸ்களும் அப்படித்தான்; அவை எந்த அனலாக் கருவியின் நிழலும் அல்ல. யூ-ஹியின் ஜீப்ராவை ஹான்ஸ் ஸிம்மர் 2008-இன் தி டார்க் நைட் படத்துக்குப் பயன்படுத்தினார். அந்தப் பேட்ச்களைத் தொகுத்து விற்கிறார்கள், பின்னணி இசைக்காரர்கள் இன்றும் வாங்குகிறார்கள். தனக்கென்று ஒரு குரல் வைத்திருந்த சிந்த் எதுவும் என் அனுபவத்தில் கெட்டுப்போகவில்லை.

நெக்ஸஸ் இந்த இரண்டு வகையிலும் சேராது. அது சிந்த் என்பதைவிட, பதிவுசெய்த ஒலிகளை எஃபெக்ட் பூசித் தரும் ரோம்ப்ளர். அதில் ஒலியின் வேருக்குப் போய் மாற்ற வழி குறைவு. பிரீசெட் பழசானால் கருவியே பழசானதற்குச் சமம்.

பிரீசெட்களுக்கு வருகிறேன். சிந்த்தில் ஒலியைச் சேமித்து அழைக்கும் வழக்கத்தைப் பரவலாக்கியது மேலே சொன்ன பிராஃபெட்-5. அதில் 40 நினைவிடங்கள் இருந்தன. அன்றிலிருந்து பிரீசெட்டுக்கு இன்னொரு வேலையும் சேர்ந்தது: கடையில் ஒரே ஒரு கட்டையை அழுத்துபவரை மயக்கி வாங்க வைப்பது. 2000-2010 காலத்து பேங்க்களில் இது உச்சத்துக்குப் போனது. ஒவ்வொரு பிரீசெட்டும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி முழு அலங்காரத்தோடு வந்து நிற்கும்: ஏழெட்டு யூனிசன் (ஒரே சுரத்தின் சற்றே விலகிய பிரதிகள்), இரு பக்கமும் அகலம், பிங்-பாங் டிலே, நீண்ட ரிவெர்ப், அடியில் ஒரு சப் பேஸ். தனியாகக் கேட்டால் மலைக்க வைக்கும். பாட்டுக்குள் வைத்தால் பாடகர் நிற்க இடம் இருக்காது. பழசாகத் தெரிகிறது என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்த எஃபெக்ட்களின் வேலைதான். குறிப்பாக அந்த ரிவெர்ப்கள். கணினித் திறன் குறைவாக இருந்த காலத்தில் சிக்கனமாக எழுதப்பட்டவை, உலோக வாடை அடிக்கும். அவற்றை அணைத்துவிட்டு, யூனிசனை இரண்டுக்கோ மூன்றுக்கோ குறைத்து, அடியை 150 ஹெர்ட்ஸ் வாக்கில் வெட்டி, உங்களிடம் இருக்கும் இன்றைய ரிவெர்ப் ஒன்றுக்கு அனுப்பிக் கேளுங்கள். பாதிப் பிரீசெட்களுக்கு மேல் இன்று காலையில் செய்தது போல இருக்கும். இந்த ஒரு காரியத்தைச் செய்து பார்க்காமல் எந்தப் பழைய பேங்க்கையும் ஒதுக்கிவிட வேண்டாம் என்று என்னோடு வேலை செய்யும் பிள்ளைகளிடம் தொடர்ந்து சொல்லிவருகிறேன்.

மீதி இருப்பவை உண்மையிலேயே காலத்தின் முத்திரை விழுந்தவை. எல்லோரும் பயன்படுத்தியதால் அந்த முத்திரை விழுந்தது. ஒலியின் தரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. மாசிவ்வின் உறுமும் பேஸைக் கேட்டால் 2010-இன் டப்ஸ்டெப் கண் முன் வரும். நெக்ஸஸின் டிரான்ஸ் லீட்களும் அதே மாதிரி. இதில் கசப்பான காலம் ஒன்று உண்டு. சலித்துப் போயிருக்கும், ஆனால் ஏக்கம் இன்னும் வந்திருக்காது. அதைத் தாண்டிவிட்டால் அதே ஒலி ஒரு மரபாகிவிடுகிறது. கோர்க் எம்1 1988-இல் வந்த கருவி. அதன் பியானோவும் ஆர்கனும் ஹவுஸ் இசையின் அடையாளமே ஆகிவிட்டன, கோர்க் அதை 2005-இல் சாஃப்ட்வேராகவே திரும்ப வெளியிட்டது, இன்று அதை யாரும் பழசு என்று ஒதுக்குவதில்லை. 2010-இன் ஒலிகள் அந்தக் கசப்புக் காலத்தைத் தாண்டிவிட்டனவா என்பதில் என் நண்பர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. விளம்பர வேலையில் அவற்றை விரும்பிக் கேட்கிறவர்கள் இப்போது வரத் தொடங்கியிருக்கிறார்கள் என்பதை மட்டும் நான் பார்க்கிறேன்.

கமகத்தோடு லீட் வாசிப்பவர் நீங்கள் என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பழைய பிரீசெட்களில் பிட்ச் பெண்ட் பெரும்பாலும் இரண்டு அரைச்சுரத்துக்கு வைக்கப்பட்டிருக்கும்; ஸட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு இழுக்க ஏழு வேண்டும். கூட்டிக்கொள்ளலாம், ஆனால் அப்போது வேறொரு குறை வெளியே வரும். மிடி பெண்டுக்கு 16,384 படிகள் உண்டு. சில பழைய சிந்த்களும் மலிவான கீபோர்டுகளும் அதில் 128 படிகளை மட்டுமே பயன்படுத்துகின்றன. மேலும் கீழும் பன்னிரண்டு அரைச்சுரம் வைத்தால் ஒரு படிக்கு 19 சென்ட் (அரைச்சுரத்துக்கு நூறு சென்ட்) போல வருகிறது. இழுப்பு வழுக்காது, படிக்கட்டில் இறங்குகிற மாதிரி ஒலிக்கும். இரண்டு சுரம் சேர்த்துப் பிடித்து ஒன்றை மட்டும் வளைப்பதற்கான எம்.பி.இ. முறை 2018-இல்தான் தரமாக ஏற்கப்பட்டது. அதற்கு முந்தைய பெரும்பாலான சிந்த்களில் அதை எதிர்பார்க்க வேண்டாம். இந்த ஒரு தேவைக்காகப் புதிய சிந்த்துக்குப் போவது முழுக்க நியாயம்.

வாங்குவது பற்றி. செரம் 2 நல்ல கருவி. நீங்களே வேவ்டேபிள் வரைந்து, எது எதை ஆட்டுகிறது என்பதைத் திரையில் கண்ணால் பார்த்துக் கற்க விரும்பினால் அதற்கு இணை குறைவு. பிரீசெட் தேடித்தான் வாங்குகிறீர்கள் என்றால் பொறுங்கள். இன்று எல்லோரும் வைத்திருக்கும் சிந்த்தின் பிரீசெட்களில்தான் அடுத்த முத்திரை விழுந்துகொண்டிருக்கிறது. முதலில் சர்ஜ் எக்ஸ்டி, டெக்ஸ்ட், மேட் டைட்டெல் 2020-இல் வெளியிட்ட வைட்டல் மூன்றையும் நிறுவிப் பாருங்கள். வைட்டலின் அடிப்படைப் பதிப்பு இலவசம். மற்ற இரண்டும் முழுக்கவே இலவசம்.

அந்தப் பழைய கணினியை மட்டும் இப்போதைக்கு அழித்துவிடாதீர்கள். சைலன்த்1, மாசிவ், எஃப்எம்7 பேட்ச்களைப் பிரதி எடுத்து வையுங்கள். புரோ-53-இல் பிடித்த ஒலிகளை எஃபெக்ட் இல்லாமல் மூன்று அரைச்சுரத்துக்கு ஒரு சுரமாக, மெதுவாக ஒருமுறையும் அழுத்தி ஒருமுறையும், 24-பிட்டில் பதிவுசெய்து ஏதாவது சாம்ப்ளரில் (பதிவுசெய்த ஒலியைச் சுரங்களாக வாசிக்க உதவும் மென்பொருள்) ஏற்றிக்கொள்ளுங்கள். சைலன்த்1, மாசிவ் இரண்டின் உரிமமும் அண்ணன் பெயரில் இருக்கும். உங்கள் பெயருக்கு மாற்றித் தருவார்களா என்று அந்தந்த நிறுவனத்துக்கு அவரையே எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். ஒருவேளை அவை கிராக் செய்த பிரதிகள் என்றால் அந்த நிரல்களைப் புதிய கணினிக்குக் கொண்டுவராதீர்கள். பேட்ச் கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு, சைலன்த்1 ஒன்றையாவது முறையாக வாங்குங்கள். அந்தப் பட்டியலில் காசு போட்டு வாங்கத் தகுந்ததாக நான் முதலில் சொல்வது அதைத்தான்.